கிறிஸ்துமஸ் சீட்டு: கொடுப்பதற்குச் சேர்த்த பணம் யாருடைய கடனை அடைத்தது?

2006 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு இன்னும் பத்து வாரம். பிரிட்டனில் ஃபேர்பேக் என்ற நிறுவனம் அன்று கைவிரித்தது. கம்பெனிகள் மூழ்குவது புதிதில்லை. ஆனால் இந்தக் கம்பெனிக்குக் கடன் கொடுத்திருந்தவர்களில் 1 லட்சத்துக்கும் அதிகமானோருக்கு, தாங்கள் கடன் கொடுத்திருப்பதே அன்றுவரை தெரியாது. பிள்ளைகளுக்குப் பரிசும் பண்டிகைச் சாப்பாடும் வாங்குவதற்காக ஜனவரியிலிருந்து வாரம் ஐந்தும் பத்துமாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கட்டிவந்தவர்கள் அவர்கள். குடும்பத்துக்குச் சராசரியாக 400 பவுண்டு. மொத்தத்தில் ஏறக்குறைய 4 கோடி பவுண்டு.

தீபாவளிச் சீட்டு கட்டிப் பழகிய யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கிறிஸ்துமஸ் வெறும் வியாபாரமாகிவிட்டது என்ற புலம்பல் ஒவ்வொரு டிசம்பரிலும் எழும். கடைவீதி விளக்குகளையும் தள்ளுபடிப் பலகைகளையும் காட்டித் திட்டுவார்கள். ஏழைகள் சக்திக்கு மீறிச் செலவழிக்கிறார்கள் என்ற அறிவுரையும் கூடவே வரும். ஆனால் கொடுக்கும் மனசும் வியாபாரமும் கைகோக்கும் இடத்தைப் பார்க்க டிசம்பர் கடைவீதிக்குப் போனால் தாமதமாகப் போனதாகத்தான் அர்த்தம். அந்தக் கணக்கு ஜனவரியிலேயே தொடங்கிவிடுகிறது. பரிசு வாங்கும் பணம் பத்து மாதம் எங்கே தூங்குகிறது, தூங்கும் நேரத்தில் யாருக்கு உழைக்கிறது என்று கேட்டால்தான் விஷயம் பிடிபடும்.

வாத்துக்குச் சேர்த்த பென்னி

19ஆம் நூற்றாண்டு லண்டனில் ஒரு தொழிலாளிக் குடும்பம் கிறிஸ்துமஸ் வாத்தை ஒரே கையாகக் காசு கொடுத்து வாங்கிவிட முடியாது. பல வீடுகளில் அதைச் சுடுகிற அளவுக்கு அடுப்பும் கிடையாது. தெருமுனை ரொட்டிக்கடையில் கொடுத்துச் சுட்டு வாங்கி வருவார்கள். வாங்குவதற்கு வழி செய்தவர் மதுக்கடைக்காரர். வாரம் சில பென்னி கட்டிவந்தால் பண்டிகைக்கு ஒரு வாத்து. அதற்கு ‘வாத்துச் சங்கம்’ என்றே பெயர். பணம் முன்னாலேயே கைக்கு வந்துவிடுகிறது. கட்ட வருகிறவர் ஒரு கோப்பை குடிக்காமலும் போகமாட்டார். கடைக்காரருக்கு இரண்டு பக்கமும் லாபம்.

அமெரிக்காவில் இதே வேலையை வங்கி கையில் எடுத்தது. பென்சில்வேனியா மாநிலத்துக் கார்லைல் ஊரில், கார்லைல் டிரஸ்ட் கம்பெனி என்ற சிறு வங்கியின் பொருளாளர் மெர்க்கல் லாண்டிஸ் 1909இல் கிறிஸ்துமஸ் சேமிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார். சுமார் 350 பேர் சேர்ந்தார்கள். ஆளுக்குச் சராசரியாக 28 டாலர் சேர்ந்தது. ‘கிறிஸ்துமஸ் கிளப்’ என்ற பெயரில் அது நாடு முழுக்கப் பரவியது.

அந்த கிளப்புகளில் ஏறுவரிசைத் திட்டம் ஒன்று இருந்தது. முதல் வாரம் 1 சென்ட், இரண்டாம் வாரம் 2 சென்ட், இப்படியே 50ஆம் வாரம் 50 சென்ட். கூட்டினால் 12 டாலர் 75 சென்ட். சேர வருகிறவரிடம் “இன்றைக்கு ஒரு சென்ட் போதும்” என்று சொல்லலாம். யார்தான் மாட்டேன் என்பார்? சிக்கல் கடைசியில் வரும். குளிர்காலத்துக்கு நிலக்கரியும் கம்பளியும் வாங்கவேண்டிய மாதங்களில்தான் தவணை உச்சத்தில் நிற்கும். அதனால் இறங்குவரிசையும் வைத்தார்கள்: முதல் வாரம் 50 சென்ட், கடைசி வாரம் 1 சென்ட். மொத்தம் அதே 12.75. வங்கிக்கு இன்னும் நல்லது. பெரும்பகுதிப் பணம் ஆண்டின் முதல் பாதியிலேயே வந்து சேர்ந்துவிடும்.

பல வங்கிகள் இதற்கு வட்டியே தரவில்லை. சில, ஒரு வாரமும் தவறாமல் கட்டினால்தான் தந்தன. வட்டிக்கணக்கு மட்டும் பார்க்கிறவருக்கு இது ஏமாளித்தனம். கட்டியவர்கள் ஏமாளிகள் இல்லை. சாதாரணச் சேமிப்புக் கணக்கில் போட்ட பணத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். அதுதான் அந்தக் கணக்கின் குறை. கையில் இருக்கும் காசு கரையும். கை கடிக்கிற மாதம், செருப்பு அறுந்த மாதம், கணவர் சம்பளம் முழுசாக வராத மாதம் என்று எடுத்துக்கொண்டே போனால் டிசம்பரில் பிள்ளையின் கையில் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. உண்டியலுக்குப் பூட்டு, சாவி அடுத்தவர் கையில். அவர்கள் வட்டியை விட்டுக்கொடுத்து வாங்கியது அந்தப் பூட்டை.

பூட்டி வைத்த பணமும் எல்லா நேரமும் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடவில்லை. நியூயார்க்கில் கடைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலைபார்த்த பெண்கள் டிசம்பர் வந்தால் மேற்பார்வையாளருக்குப் பரிசு வாங்கப் பணம் போட்டாக வேண்டும் என்பது எழுதாத சட்டம். இதை எதிர்த்து 1912இல் ‘பயனற்ற பரிசளிப்பைத் தடுக்கும் சங்கம்’ உருவானது. முன்நின்றவர்கள் முன்னாள் நாடக நடிகை எலினார் பெல்மாண்டும், வங்கியாளர் ஜே.பி. மார்கனின் மகள் ஆன் மார்கனும். வேலைக்குப் போகும் பெண்கள் விடுமுறைக்குச் சேமிக்க உதவும் நிதி ஒன்றையும் இவர்கள் நடத்திவந்தார்கள். முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட்டும் சங்கத்தில் சேர்ந்தார். பெயரைப் பார்த்தால் பரிசுக்கே எதிரிகள் போலிருக்கும். அவர்கள் எதிர்த்தது கட்டாயத்தை. அம்மா பிள்ளைக்கு வாங்கும் பொம்மையை அல்ல. பிற்காலத்தில் கிறிஸ்துமஸ் வியாபாரத்தைத் திட்டிய பலருக்கு இந்த வேறுபாடு புரிந்ததாகத் தெரியவில்லை.

ஹாம்பர் வியாபாரத்தின் உள்கணக்கு

ஃபேர்பேக்கின் வேர் தென் லண்டனில் பெக்காம் பகுதியின் ஓர் இறைச்சிக்கடை. 1960களின் இறுதியில் வாடிக்கையாளர்கள் கிறிஸ்துமஸ் இறைச்சிக்கு முன்கூட்டியே பணம் கட்ட வழிசெய்ததில் தொடங்கி, நாடு முழுவதும் ஏஜென்ட் வைத்து நடத்தும் தொழிலாக வளர்ந்தது. ஏஜென்ட் என்றால் சூட்கேஸ் ஆசாமி இல்லை. பெரும்பாலும் அதே தெருவில் வசிக்கும் பெண். அக்கம்பக்கத்திலும் சொந்தத்திலும் வேலையிடத்திலும் பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்ப்பார். கம்பெனியின் வண்ணப் புத்தகத்தைக் காட்டி யாருக்கு என்ன வேண்டும் என்று குறித்துக்கொள்வார். வாராவாரம் வசூலித்து, அட்டையில் கையெழுத்துப் போட்டு, பணத்தைக் கம்பெனிக்கு அனுப்புவார். அவருக்குக் கமிஷன். வசூல் இலையுதிர்காலம் வரை. சரக்கு நவம்பரில் வீடு தேடி வரும்.

சரக்கு இரண்டு வகை. ஒன்று ஹாம்பர்: டின் இறைச்சி, பிஸ்கட், புட்டிங், ஒயின் என்று அடுக்கிய பெட்டி. இதே பொருட்களைக் கடையில் தனித்தனியாக வாங்கினால் பெரும்பாலும் மலிவாகவே முடியும். அந்த வித்தியாசம் கம்பெனிக்கு. இன்னொன்று வவுச்சர், அதாவது பெரிய கடைகளில் செல்லும் பரிசுக் கூப்பன். 100 பவுண்டு கட்டினால் 100 பவுண்டு கூப்பன். கம்பெனிக்கு இதில் என்ன கிடைக்கும் என்று தோன்றும். மொத்தமாக வாங்குவதால் கடைகள் முகமதிப்பில் சில சதவீதம் குறைத்துக் கொடுக்கும். கடைகளுக்கும் நஷ்டமில்லை, கூப்பனோடு வருகிறவர் தங்கள் கடையில்தான் வாங்கியாக வேண்டும், கூப்பனுக்கு மேலேயும் கொஞ்சம் வாங்குவார்.

மூன்றாவது வரவுதான் பெரியது, அது எந்தப் புத்தகத்திலும் அச்சாவதில்லை. 1 லட்சம் பேர் வாரம் 10 பவுண்டு வீதம் 40 வாரம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். கடைசி வாரம் கையிருப்பு 4 கோடி. சீராக ஏறுவதால் அந்த 40 வாரத்துக்கும் சராசரி இருப்பு 2 கோடி. வட்டி கிடையாது, அடமானம் கிடையாது, வாரம் தவறாமல் வரும், நவம்பருக்கு முன் யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். இப்படி ஒரு நடைமுறை மூலதனத்தை எந்த வங்கியும் எந்த முதலாளிக்கும் தராது. தெருவில் இருப்பதிலேயே குறைந்த வருமானமுள்ளவர்கள் தந்துகொண்டிருந்தார்கள்.

அக்டோபர் என்ற மாதம்

ஃபேர்பேக் தனிக் கம்பெனியாக நிற்கவில்லை. யூரோப்பியன் ஹோம் ரீட்டெயில் என்ற குழுமத்தின் கீழ் இருந்தது. சேமிப்புப் பணத்துக்குத் தனிப் பெட்டியும் இல்லை. வந்த பணம் குழுமத்தின் பொதுக் கணக்கில் சேர்ந்து, எச்பிஓஎஸ் வங்கியிடம் குழுமம் வைத்திருந்த ஓவர்டிராஃப்டை, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்த கடனை, குறைத்தது. பிறகு தேவைப்பட்டபோது ஓவர்டிராஃப்ட் திரும்ப ஏறியது. ஆண்டு முழுக்க இப்படி ஏறி இறங்கும். வங்கி வரம்பை நீட்டித்துத் தரும்வரை இந்த ஊஞ்சல் ஆடும்.

குழுமம் வாங்கிப்போட்ட வேறு தொழிலில் நஷ்டம் கண்டது. ஃபேர்பேக்குக்கு வவுச்சர் வாங்கித் தந்த இடைநிலை நிறுவனம் ஒன்று 2006 தொடக்கத்தில் விழுந்தது. அதற்குப் பின் கடைகள் முதலில் பணம், பிறகு கூப்பன் என்றன. கடனில் வாங்கிப் பின்னால் கட்டும் வசதி போனதும் கம்பெனிக்கு மேலும் கடன் தேவைப்பட்டது. வங்கி தர விரும்பவில்லை. ஆகஸ்டில் குழுமத்தின் பங்கு வர்த்தகம் நிறுத்தப்பட்டது. தெருவில் வசூல் நிற்கவில்லை. பங்குச்சந்தைச் செய்தியை யார் அந்த ஏஜென்ட் பெண்ணிடம் போய்ச் சொல்வது?

இந்தத் தொழிலில் ஆண்டின் நடுவில் எந்த மாதம் கம்பெனி விழுந்தாலும் நஷ்டம் ஓரளவுதான். வசூல் முழுக்க உள்ளே வந்து, சரக்கு ஒன்றும் வெளியே போகாத மாதம் அக்டோபர். வங்கியின் பாக்கி ஆண்டிலேயே குறைவாக இருக்கும் நேரமும் அதுதான். கட்டியவர்களுக்கு மிக மோசமான வாரமும், கடன் கொடுத்த வங்கி விலகிக்கொள்ள மிக வசதியான வாரமும் ஒன்றாக அமைவது தற்செயல் இல்லை. தொழிலின் கட்டமைப்பே அப்படி.

கடைசி நாட்களில் இயக்குநர்கள் ஒரு காரியம் செய்தார்கள். இனி வரும் பணத்தையாவது காப்பாற்றுவோம் என்று, அந்தச் சில நாட்களில் வந்த தொகையை வாடிக்கையாளர்களுக்காக டிரஸ்டில், அதாவது அவர்களுடைய பணமாகவே தனியே, வைப்பதாகப் பத்திரம் எழுதினார்கள். பத்திரத்தில் வங்கிக் கணக்கைத் தவறாகக் குறிப்பிட்டுவிட்டார்கள்.

விஷயம் அதே டிசம்பரில் நீதிபதி மான் முன்னால் போனது. கணக்கைத் தவறாகக் குறித்ததைத் திருத்திக்கொள்ளலாம் என்பதில் அவருக்குச் சிக்கலில்லை. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஏஜென்ட் யாருடைய ஆள்? சட்டத்தின் கண்ணில் அவர் கம்பெனியின் ஆள். அப்படியானால் பக்கத்து வீட்டுப் பெண் கையில் கொடுத்த நொடியிலேயே கம்பெனிக்குப் பணம் சேர்ந்துவிட்டது. அந்தக் கடைசிச் சில நாட்களில் கம்பெனியின் கைக்கு வந்த பணத்தில் பெரும்பகுதி உண்மையில் அதற்கு முன்பே ஏஜென்ட்களிடம் கட்டப்பட்டது. அதைப் பாதுகாக்கப் பத்திரம் உதவவில்லை. ‘குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கொடுத்த பணம், நோக்கம் நிறைவேறாவிட்டால் திரும்ப வேண்டும்’ என்ற வாதமும் நிற்கவில்லை. பணத்தைத் தனியாக வைக்கவேண்டும் என்ற ஏற்பாடே ஆரம்பத்திலிருந்து இல்லையே. வாடிக்கையாளர்கள் பிணையில்லாமல் கடன் கொடுத்த மற்றவர்களோடு வரிசையின் பின்னால் போய் நின்றார்கள். வங்கியில் போட்டிருந்தால் வைப்பு உறுதித் திட்டம் காப்பாற்றியிருக்கும். இது சட்டப்படி வைப்பு இல்லை. சரக்குக்குக் கொடுத்த முன்பணம்.

அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முன் நிறுவனங்களும் பொதுமக்களும் சேர்ந்து நிவாரண நிதி திரட்டி, இழந்ததில் சிறு பங்கைக் கூப்பனாகக் கொடுத்தார்கள். கொடுக்கும் மனசு ஒரு நாட்டில் எவ்வளவு சீக்கிரம் கூடிவரும் என்பதற்கு அதுவும் சாட்சி. ஆனால் கட்டியவர்களுக்குச் சேரவேண்டியது தானம் இல்லை, அவர்கள் பணம்.

2012இல் இயக்குநர்களைத் தகுதிநீக்கம் செய்யக் கோரி அரசு தொடுத்த வழக்கு விசாரணையின் நடுவிலேயே கைவிடப்பட்டது. நீதிபதி பீட்டர் ஸ்மித் இயக்குநர்கள் மேல் குற்றம் காணவில்லை. வங்கியின் நடத்தையில் சட்டமீறல் இல்லை, ஆனால் அது பொதுமக்கள் ஏற்றுக்கொள்ளும் நடத்தையாக இருக்காது என்ற பொருளில் வெளிப்படையாகச் சொன்னார். எச்பிஓஎஸ்ஸை அதற்குள் விழுங்கியிருந்த லாயிட்ஸ் வங்கி 80 லட்சம் பவுண்டு தர முன்வந்தது. எல்லாம் சேர்ந்து, கட்டியவர்களுக்குப் பவுண்டுக்கு ஐம்பது பென்ஸ், அதாவது பாதி, அளவில் கிடைக்க வழி பிறந்தது. பொம்மைக்குச் சேர்த்த வீடுகளில் பிள்ளைகள் ஆறு வயது கூடியிருந்தார்கள்.

பெட்டியைப் பிரித்து வைத்தால்

ஃபேர்பேக்குக்குப் பிறகு மீதமிருந்த பெரிய ஹாம்பர் கம்பெனிகள் 2007இல் ஒரு சங்கம் அமைத்து, வசூலைக் கம்பெனிக் கணக்கில் கலக்காமல் டிரஸ்ட் கணக்கில் வைக்க ஒப்புக்கொண்டன. இதன் சூட்சுமம் எளிது. பணத்தின் சொந்தக்காரர் கம்பெனி அல்ல என்பது ஏட்டளவில் நின்றால் போதாது. கம்பெனி கைநீட்டி எடுக்கமுடியாதபடி, வெளியாட்கள் அறங்காவலர்களாக இருக்கவேண்டும், சரக்கு போன பிறகே பணம் விடுபடவேண்டும். அப்போது வங்கிக் கடனுக்கும் அந்தப் பணத்துக்கும் இடையில் சுவர் எழும்.

சுவருக்கு வெளியேயும் ஆபத்து உண்டு. டிரஸ்ட் காப்பது கூப்பன் கைக்கு வரும்வரைதான். கூப்பன் வந்தபின் அதன் மதிப்பு, அதை ஏற்கும் கடையின் ஆயுளைப் பொறுத்தது. பண்டிகைக்குப் பரிசாக வந்த கூப்பன் பெரும்பாலும் ஜனவரியில்தான் செலவாகும். பண்டிகை விற்பனையில் தேறாத கடைகள் விழும் மாதமும் ஜனவரிதான். எச்எம்வி இசைக்கடைகள் 2013 ஜனவரி நடுவில் திவால் நிர்வாகத்துக்குள் போனபோது கூப்பன்களை ஏற்கமாட்டோம் என்றார்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு சுமார் ஒரு வாரத்தில் ஏற்றார்கள். எல்லாக் கடைகளும் அப்படி மனம் மாறும் என்று நம்பியிருக்க முடியாது. கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேல் வாங்கியவருக்கு 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு கைகொடுக்கும், கார்டு நிறுவனத்திடம் பணத்தைக் கேட்கலாம். ரொக்கமாகக் கட்டியவருக்கு அதுவும் இல்லை. ரொக்கமாகக் கட்டுகிறவர்கள் யார் என்று சொல்லவேண்டியதில்லை.

சங்கத்தின் ஏற்பாடு சட்டமாக ஆவதற்கு இன்னும் நீண்டகாலம் பிடித்தது. பிரிட்டனின் சட்ட ஆணையம் 2016இல் பரிந்துரைத்தது. 2024ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில்தான், இத்தகைய சேமிப்புத் திட்டங்கள் டிரஸ்டிலோ காப்பீட்டிலோ பணத்தைப் பாதுகாக்கவேண்டும் என்ற விதி இடம்பெற்றது. ஃபேர்பேக் விழுந்து பதினெட்டு ஆண்டு.

நம் ஊர் அட்டையில்

பலகாரச் சீட்டு, பட்டாசுச் சீட்டு, மளிகைச் சீட்டு என்று தீபாவளிக்கு நடப்பதெல்லாம் இதே உருவம்தான். தென் மாவட்டக் கிறிஸ்தவர் ஊர்களில் கிறிஸ்துமஸுக்கும் நடக்கும். பெயரில்தான் குழப்பம். ஏலச்சீட்டுக்கு 1982ஆம் ஆண்டுச் சிட்ஃபண்ட் சட்டம் இருக்கிறது: பதிவு வேண்டும், சீட்டுத் தொகைக்கு ஈடாக நடத்துபவர் பிணை கட்டவேண்டும். பலகாரச் சீட்டில் ஏலமும் இல்லை, சுழற்சியும் இல்லை. அது வெறும் முன்பணம். ‘சீட்டு’ என்ற சொல் கொடுக்கும் தைரியம் சட்டத்தில் அதற்குக் கிடையாது. முறையற்ற டெபாசிட் திட்டங்களைத் தடைசெய்யும் 2019 சட்டமும், உண்மையான வியாபாரத்தில் சரக்குக்கு வாங்கும் முன்பணத்தை டெபாசிட் கணக்கிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. ஃபேர்பேக் கட்டியவர்கள் விழுந்த அதே பள்ளம். மோசடி நடந்தபின் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பொருளாதாரக் குற்றப்பிரிவு விசாரித்து, அரசு சொத்தை முடக்கலாம். முடக்கி, விற்று, பங்கிட்டு முடிப்பதற்குள் எத்தனை தீபாவளி போகும் என்பது பணம் கட்டி ஏமாந்தவர்களுக்குத் தெரியும்.

நகைக்கடைச் சீட்டுகள் ஏன் பெரும்பாலும் 11 மாதம் என்பதற்கும் பதில் இங்கேதான். 2014ஆம் ஆண்டுக் கம்பெனி விதிகளின்படி, முன்பணத்துக்கு 365 நாளுக்குள் சரக்குக் கொடுத்தாகவேண்டும். தாண்டினால் அது டெபாசிட் ஆகி, வேறு கட்டுப்பாடுகளுக்குள் வந்துவிடும். கடைசித் தவணையைச் சில கடைகள் தாமே போடுவது தாராளம் போலத் தெரியும். பதினொரு மாதம் வட்டியில்லாமல் புரட்டிய பணத்துக்கு அது கூலி.

அதனால் சீட்டில் சேருமுன் பார்க்கவேண்டியது பரிசுப் பட்டியலை அல்ல. எவர்சில்வர் குடம் எத்தனை லிட்டர், இனிப்பு எத்தனை கிலோ என்று ஆராய்கிற அதே கண்ணால் அட்டையின் பின்பக்கத்தையும் பார்க்கலாம். வசூலிக்கும் அக்கா கடையின் ஆளா, தன் பொறுப்பில் நடத்துகிறாரா? கடையின் ஆள் என்றால் ரசீதில் கடையின் பெயரும் முத்திரையும் எங்கே? நடுவில் நின்றால் கட்டியது ரொக்கமாகத் திரும்புமா, சரக்காகவா, பாதி பிடித்துக்கொண்டா? சரக்கு எந்தத் தேதியில்? பண்டிகைக்கு முந்தின வாரம் என்று சொன்னால், ஏமாந்தது தெரியவரும்போது கையில் ஒரு வாரம்கூட இருக்காது. போனில் பணம் அனுப்பும்போது திரையில் வருவது கடையின் பெயரா, அல்லது யாரோ ஒருவரின் சொந்தப் பெயரா?